தாமதமும் அறமும்

பிறருடைய துன்பத்தை ஒருவன் எவ்வாறு அறிகிறான் என்னும் வினா மெய்யியலில் மிகப் பழையது. பசித்தவனின் பசியைப் பசியில்லாதவன் அறிவானா? அறிந்தேன் என்று அவன் சொல்லும்போது அவன் அறிந்தது பசியையா, பசி என்னும் சொல்லையா? இவ்வினாவுக்கு முடிந்த முடிபாக ஒரு விடை காணாமலே உலகம் இயங்கி வந்துள்ளது. ஆயின், இன்று ஒரு தொழிற்றுறையினர் இதனைத் தம் அன்றாட வேலையின் ஒரு கூறாகவே எதிர்கொள்கின்றனர். கணினி மென்பொருள்களை ஆக்குவோரே அவர்கள். தொலைவிலுள்ள ஒருவர் தமது மென்பொருளைப் பயன்படுத்தும்போது அடையும் தாமதத்தை அவர்கள் தம் அறையிலே, தம் மேசையிலே, செயற்கையாக உண்டாக்கிப் பார்க்கின்றனர். விரைந்து செல்லக்கூடிய செய்தியை வேண்டுமென்றே மறித்து, சிறிது நேரம் வைத்திருந்து, பின்னரே செல்ல விடுகின்றனர். இது வெறும் தொழில்நுட்பச் செயலா, அன்றி அறத்தோடு தொடர்புடைய செயலா? இதனால் மற்றவரின் நிலை உண்மையில் அறியப்படுகிறதா? அறியப்படாவிடின் இதனால் ஆவதென்ன? இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலிலே தாமதம் என்பது யாதென நோக்குதல் தகும். ஒரு கணினி மற்றொரு கணினிக்கு அனுப்பும் செய்தி சிறு சிறு பொதிகளாகப் பிரிக்கப்பட்டுச் செல்கிறது. ஒரு பொதி புறப்பட்டுச் சென்று, அதற்குரிய மறுமொழி திரும்பி வந்து சேரும் வரையிலான காலமே சுற்றுப்பயணத் தாமதம் எனப்படும். ஒளியிழையினூடாக ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீற்றர் செல்லும். எனவே, சிங்கப்பூரில் உள்ள கணினி ஒன்றினை அணுகிக் கொழும்புக்கு மீளும் செய்திக்கு, நேர்கோட்டிலே கணித்தாலும், 27 மில்லிசெக்கனளவு வேண்டும். 15,000 கிலோமீற்றருக்கு அப்பால் அமெரிக்காவின் மேற்குக் கரையில் உள்ள கணினியாயின் 150 மில்லிசெக்கன் வேண்டும். பூமியிலிருந்து 35,786 கிலோமீற்றர் உயரத்தில் நிலைத்து நிற்கும் செய்மதிகளின் வழியாயின் ஒரு வினாவும் அதன் விடையும் சென்று மீள ஏறத்தாழ அரைச் செக்கன் செல்லும். இத்தகைய செய்மதிகளைச் செய்தித் தொடர்புக்குப் பயன்படுத்தலாம் என 1945 ஆம் ஆண்டிலே எழுதிய ஆதர் சி. கிளார்க், பின்னர் 1956 முதல் இலங்கையையே தம் வாழ்விடமாகக் கொண்டவர் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது. மேற்கூறிய காலங்கள் யாவும் இயற்கை விதிக்கும் கீழெல்லைகளே. நடைமுறையிலே வழியிலுள்ள கருவிகளின் நெரிசலும், கைத்தொலைபேசிக் கோபுரத்தின் தொலைவும், மழையும், மின்தடையும் இவற்றைப் பன்மடங்காக்குகின்றன.

இத்தாமதத்தை ஆய்வுகூடத்திலே உண்டாக்கும் கருவிகள் புதியனவல்ல. இத்தாலியின் பைசா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூய்ஜி ரிஸ்ஸோ 1997 இல் ‘டம்மிநெற்’ என்னும் கருவியை வெளியிட்டார். லினக்ஸ் இயங்குதளத்திலே ‘நெற்எம்’ என்னும் கருவியை ஆக்கிய ஸ்டீபன் ஹெமிங்கர் அதனை 2005 இல் ஆய்வுலகுக்கு விளக்கினார். இவற்றின் தொழிற்பாடு எளிது. புறப்படும் பொதிகளை வரிசையொன்றில் நிறுத்தி, குறித்த நேரம் கழிந்த பின்னரே வெளியே விடுதல். நூற்றுக்கு இத்தனை என்ற கணக்கிலே சில பொதிகளைத் தொலைத்துவிடுதல். தாமதத்தை ஒரே அளவாக வையாது கூட்டியும் குறைத்தும் அலையவிடுதல். அருகருகே வைக்கப்பட்ட இரு கணினிகள் இவ்வாறு ஒரு கட்டளையினால் பல்லாயிரம் கிலோமீற்றர் விலகிவிடுகின்றன.

இவ்வாறு செய்யவேண்டிய தேவை யாது? மென்பொருளை ஆக்குவோர் பெரும்பாலும் விரைவான இணைப்பின் நடுவிலேயே வாழ்கின்றனர். மாணவர் பதிவுக்கான மென்பொருள் ஒன்றினை எடுத்துக்கொள்வோம். அதன் முதற்பக்கம் திறப்பதற்கு ஒன்றன்பின் ஒன்றாக 30 முறை சேவையகத்தோடு பேசவேண்டியுள்ளது எனக் கொள்வோம். ஆய்வுகூடத்திலே ஒரு சுற்றுப்பயணத்துக்கு 1 மில்லிசெக்கன் செல்லுமாயின், 30 முறைக்கும் சேர்த்து 30 மில்லிசெக்கனே ஆகும். கண் இமைப்பதற்குள் பக்கம் திறந்துவிடும். அதே மென்பொருளை 300 மில்லிசெக்கன் தாமதமுள்ள இணைப்பிலே திறப்பவர் 9 செக்கன் காத்திருப்பார். பத்துச் செக்கனளவே மனிதர் ஒரு காரியத்தில் கவனம் சிதறாது காத்திருக்கும் எல்லை என ஜேக்கப் நீல்சன் 1993 இல் எழுதினார். அவ்வெல்லையின் விளிம்பிலே அவர் நிற்கிறார். ஆனால், மென்பொருளில் ஒரு பிழையும் இல்லை. அதனை ஆக்கியவர் ஒரு குறையையும் காணவில்லை. இணைப்பின் கொள்ளளவைப் பெருக்கினாலும் இக்குறை தீராது. வீதியை அகலமாக்கினால் கூடுதலான வண்டிகள் செல்லும். ஊருக்குள்ள தூரம் குறையாது.

தாமதம் பூச்சியம் என்று எண்ணுவதனைப் பரந்த வலையமைப்புக்களை ஆக்குவோர் கொள்ளும் பொய்யான எடுகோள்களுள் ஒன்றாக, சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்திற் பணியாற்றிய பீற்றர் டொய்ச் 1994 அளவிலே பட்டியலிட்டார். இவ்வெடுகோளை எவரும் ஆராய்ந்து ஏற்றுக்கொள்வதில்லை; வாழும் சூழலே அதனை ஊட்டிவிடுகிறது. உயிரானது சார்ந்ததன் வண்ணமாகும் இயல்புடையது எனச் சைவ சித்தாந்தம் கூறும். விரைவைச் சார்ந்திருப்பவன் விரைவின் வண்ணமாகிறான். தன்னைச் சூழ்ந்துள்ளதனையே உலகின் இயல்பு என்று கருதுகிறான். இஃது அவனது தீயெண்ணத்தால் விளைவதன்று; எனினும் அதனால் விளையும் தீமை பிறர்மேற் சென்று விழுகிறது.

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே தாமதம் என்பது இயற்பியல் நூல்களிற் படித்தறிய வேண்டிய ஒரு பொருளன்று. கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையிலான தரைவழித் தூரம் ஏறத்தாழ 400 கிலோமீற்றர். ஒளிக்கு அது 2 மில்லிசெக்கன் தூரமே. ஆனால், 1990 இல் நின்றுபோன யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம் வந்தடைந்தது 2014 ஒக்ரோபரிலேயாகும். ஒரு புகைவண்டியின் தாமதம் இருபத்து நான்கு ஆண்டுகள். 1990 இல் யுத்தம் மீளத் தொடங்கிய பின்னர் தொலைபேசித் தொடர்பும் அற்றுப்போக, கடல்வழியாக வந்த கடிதங்களையும் செஞ்சிலுவைச் சங்கத்தின் வழியாக வந்த சிறு செய்திகளையும் எதிர்பார்த்து மக்கள் வாரக்கணக்கிலே காத்திருந்தனர். 2002 இல் திறக்கப்பட்ட ஏ-9 வீதி 2006 ஓகஸ்டில் மூடப்பட்டபோது அதே தூரம் மீண்டும் நீண்டது. தூரம் என்பது கிலோமீற்றரால் மட்டும் அளக்கப்படுவதன்று. அதிகாரமும் பொருள்வளமும் எங்கே குவிந்துள்ளன என்பதனாலும் அளக்கப்படுவது என்னும் உண்மையை இவ்வரலாறு காட்டுகிறது. இன்றைய வலையமைப்புக்கும் இது பொருந்தும். கடலடி வடங்கள் எங்கே கரையேறுகின்றன, சேவையகங்கள் எந்நாட்டில் அமைக்கப்படுகின்றன, கோபுரங்கள் எவ்வூரில் எழுப்பப்படுகின்றன என்பவற்றைத் தீர்மானிப்பது ஒளியின் வேகமன்று.

இனி, பாவனைத் தாமதத்துக்கு எதிராக எழுப்பக்கூடிய தடையை நோக்குவோம். 2015 ஒக்ரோபரில் பேஸ்புக் நிறுவனம் தன் ஊழியர்களுக்குச் செவ்வாய்க்கிழமைகளில் ஒரு வாய்ப்பினை வழங்கியது. விரும்பியவர்கள் ஒரு மணி நேரத்துக்கு இரண்டாந் தலைமுறைக் கைத்தொலைபேசி இணைப்பின் வேகத்திலே அந்நிறுவனத்தின் செயலியைப் பயன்படுத்திப் பார்க்கலாம். இந்தியா போன்ற நாடுகளிலே மெதுவான இணைப்போடு வாழும் மக்களின் அனுபவத்தை ஊழியர் உணரவேண்டும் என்பதே இதன் நோக்கமாகக் கூறப்பட்டது. நோக்கம் நன்றே. ஆயினும், விரும்பியவர்க்கு மட்டும், ஒரு நாளில், ஒரு மணி நேரம் என்னும் மூன்று சொற்றொடர்களும் சிந்திக்கத்தக்கவை. தாமதத்தோடு வாழ்பவர் அதனை விரும்பித் தேர்ந்தவரல்லர். அவருக்குச் செவ்வாய்க்கிழமை முடிந்து புதன்கிழமை விரைவாக விடிவதில்லை.

அமெரிக்க மெய்யியலாளர் தோமஸ் நேகல் 1974 இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையொன்றில், வௌவாலாக இருப்பது எத்தகையது என்னும் வினாவை எழுப்பினார். வௌவாலைப்போலத் தலைகீழாகத் தொங்குவதாகவும் இருளிற் பறப்பதாகவும் ஒருவன் கற்பனை செய்யலாம். அதனால் அவன் அறிவது, தான் வௌவாலைப்போல நடந்துகொண்டால் தனக்கு எப்படியிருக்கும் என்பதனையே. வௌவாலுக்கு வௌவாலாக இருத்தல் எப்படியிருக்கும் என்பதனையன்று. இவ்வாதம் மனிதருக்கிடையிலும் ஓரளவு செல்லும். நகரத்து அறையிலே 300 மில்லிசெக்கன் தாமதத்தைப் புகுத்திப் பார்ப்பவர் அறிவது தமக்குண்டான எரிச்சலையே. 2021 இல், பெருந்தொற்றுக் காலத்திலே, இலங்கையின் மலைக் கிராமமொன்றில் இணையப் பாடங்களைப் பெறுவதற்காகப் பிள்ளைகள் பாறை உச்சிக்கும் மரக்கிளைக்கும் ஏறினர் என்ற செய்தியை உலகம் படித்தது. அப்பிள்ளைக்கு ஒரு பொதி தொலைவது ஒரு வசனம் தொலைவதாகும். கையிலுள்ள பணத்துக்கு வாங்கிய தரவு வீணாவதாகும். இருட்டுமுன் வீடு சேரவேண்டிய நேரம் கழிவதாகும். இவற்றுள் எதனையும் கருவியினுள் எண்ணாகப் புகுத்த இயலாது. மேலும், கருவிக்குக் கொடுக்கப்படும் எண் பெரும்பாலும் ஒரு சராசரி. உண்மையான வலையமைப்பிலே பொதிகள் ஒழுங்காக நூற்றுக்கு ஒன்றாகத் தொலைவதில்லை; சிலவேளை கூட்டங்கூட்டமாகத் தொலைகின்றன. சராசரியால் எவரும் துன்புறுவதில்லை. சராசரிக்கு அப்பால் நிற்பவரே துன்புறுகிறார்.

இத்தடை வலிமையானது. எனினும், இதனைக்கொண்டு பாவனையே வீண் என முடிவு செய்தல் பொருந்தாது. பாவனை என்னும் சொல்லையே சற்று ஆராய்தல் நன்று. இலங்கைத் தமிழிலே ஒரு பொருளைப் பயன்படுத்துவதனைப் பாவனை என்கிறோம். பயன்படுத்துபவரைப் பாவனையாளர் என்கிறோம். போலச் செய்து காட்டுவதும் பாவனையே. இவ்விரண்டிலும் ஆழமான மூன்றாவது பொருள் ஒன்று சித்தாந்த மரபிலே உண்டு. பாம்பின் விடத்தைத் தீர்க்கும் மாந்திரிகன் தன்னைக் கருடனாகப் பாவித்து நிற்கிறான், விடம் நீங்குகிறது. கருட பாவனை எனப்படும் இவ்வுவமை சித்தாந்த நூல்களிலே ஆன்மாவின் சிவோகம் பாவனையை விளக்க எடுத்தாளப்படுவது. இவ்வுவமையிலே கவனிக்க வேண்டிய கூறு ஒன்றுண்டு. மாந்திரிகன் கருடனாகிவிடுவதில்லை; அவனுக்குச் சிறகு முளைப்பதில்லை. எனினும் பாவனை பொய்யாவதில்லை. ஏனெனில், அதன் மெய்ம்மை அவன் என்னவானான் என்பதிலன்றி, மற்றொருவன் உடலிலுள்ள விடம் இறங்கியதா என்பதிலேயே தங்கியுள்ளது.

இவ்வளவுகோலைக் கொண்டு நோக்கினால் நேகலின் தடைக்கு விடை கிடைக்கிறது. செயற்கைத் தாமதத்தைப் புகுத்திப் பார்ப்பவர் பாறை உச்சியிலுள்ள பிள்ளையாக மாறவேண்டியதில்லை, மாறவும் முடியாது. முப்பது முறை பேசிய மென்பொருளை மூன்று முறை பேசுவதாக அவர் மாற்றினாரா என்பதே வினா. மாற்றினாராயின் ஒன்பது செக்கன் ஒரு செக்கனுக்குள் அடங்கிவிடும். விடம் இறங்கியது. மாற்றாமல், ஐயோ பாவம் என்று இரங்கி எழுந்து சென்றாராயின், அவ்விரக்கம் எத்துணை ஆழமானதாயினும் பாவனை பழுதாயிற்று. பிறர் துன்பத்தைக் கற்பனையினால் நம்முடையதாக்கிக் கொள்வதே ஒழுக்க உணர்வின் ஊற்று என அடம் சிமித் 1759 இல் எழுதினார். ஊற்று என்பது உண்மையே. ஆனால், ஊற்றைக் கண்டவன் வாய்க்காலும் வெட்டினாலன்றிப் பயிர் நனைவதில்லை. பிற உயிரின் நோயைத் தன்னோய்போற் கருதிக் காவாதவிடத்து அறிவினாற் பயனில்லை என்னும் வள்ளுவர் கருத்தும் கருதுதலோடு நில்லாது காத்தலையும் சேர்த்தே கூறுவதாகும்.

தாமதத்தோடு தொடர்புடைய மற்றோர் அறவினா இதனிலும் கூர்மையானது. ஒரு கணினி மற்றொன்றின் மறுமொழிக்காக எவ்வளவு நேரம் காத்திருக்கவேண்டும்? குறித்த நேரத்தினுள் விடை வராவிடின் மென்பொருள் தொடர்பைத் துண்டித்துவிடுகிறது. ஆனால், விடை வராமைக்கு இரு காரணங்கள் இருக்கலாம். அப்பாலுள்ள கணினி செயலிழந்திருக்கலாம். அல்லது வெறுமனே மெதுவாக இருக்கலாம். காத்திருப்பவருக்கு இவ்விரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். மைக்கேல் பிஷர், நான்சி லிஞ்ச், மைக்கேல் பற்றர்சன் ஆகிய மூவரும் 1985 இல் வெளியிட்ட புகழ்பெற்ற தேற்றம் ஒன்றின் அடியிலும் இவ்வுண்மையே உள்ளது. தாமதத்துக்கு மேலெல்லை இல்லாத அமைப்பிலே, ஒரேயொரு கணினி செயலிழக்கக்கூடும் என்னும் நிலையிற்கூட, எல்லாக் கணினிகளும் பிழையின்றி ஒரு முடிவுக்கு வந்தே தீரும் என உறுதிப்படுத்தத்தக்க முறை எதுவும் இல்லை என அவர்கள் நிறுவினர். மெதுவானவனையும் மறைந்தவனையும் மௌனத்தைக் கொண்டு பிரித்தறிய முடியாது.

இதன் பொருள் யாது? காத்திருப்பின் எல்லை கண்டுபிடிக்கப்படுவதன்று, விதிக்கப்படுவது. ‘முப்பது செக்கன்’ என்று எழுதுபவர் ஓர் உண்மையைக் கூறவில்லை. ஒரு தீர்ப்பை வழங்குகிறார். முப்பத்தோராவது செக்கனில் வந்து சேரும் விண்ணப்பம் வராத விண்ணப்பமாக எழுதப்படுகிறது. தாமதித்தவன் இல்லாதவனாக்கப்படுகிறான். தொண்ணூறுகளிலே கடிதத்துக்காகக் காத்திருந்த தாய்மார் மௌனத்தை மரணம் என்று எண்ண மறுத்தனர். 2017 பெப்ரவரியிலே கிளிநொச்சியில், காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் வீதியோரத்திற் தொடங்கிய போராட்டமும் மௌனத்தை முடிவாக ஏற்க மறுக்கும் குரலேயாகும். மனித இழப்பை இயந்திரத்தின் கணக்கோடு ஒப்பிடுதல் தகாது. எனினும், மௌனத்துக்குப் பொருள் கூறும் அதிகாரம் எவர் கையில் உள்ளது என்னும் வினா இரண்டிடத்தும் எழுவதே. காத்திருக்க மறுப்பவரும் காத்திருக்க வைக்கப்படுபவரும் ஒருபொழுதும் ஒரே தரப்பினராக இருந்ததில்லை.

அவ்வாறாயின் எல்லை விதிப்பவர் எவ்வாறு விதிக்கவேண்டும்? முடிவின்றிக் காத்திருக்கும் மென்பொருள் எவருக்கும் உதவாது; எல்லை ஒன்று வேண்டுவதே. ஜோன் றோல்ஸ் 1971 இல் வெளியிட்ட நீதிக் கோட்பாட்டிலே, சமுதாயத்தில் தமக்கு எந்நிலை வாய்க்கும் என அறியாத திரையொன்றின் பின்னிருந்து விதிகளை வகுக்கும்படி கேட்டார். பாவனைத் தாமதக் கருவி அத்திரையின் ஓர் எளிய வடிவமாக அமையக்கூடும். தனக்கு வாய்க்கும் இணைப்பு 1 மில்லிசெக்கனா 1,000 மில்லிசெக்கனா என முன்கூட்டியே அறியாதவனாக ஒருவன் தன் மென்பொருளை ஆக்குவானாயின், அவன் மிக மெதுவான நிலையையும் மனத்திற் கொண்டே ஆக்குவான். ஆனால், கருவிக்கு எந்த எண்ணைக் கொடுப்பது என்பதனையும் அவனே தீர்மானித்தால் திரை கிழிந்துவிடுகிறது. தனக்கு வசதியான தாமதத்தைத் தானே தேர்ந்து, அதிலே தேர்ச்சி பெற்றதாகத் தானே சான்று வழங்கிக்கொள்வதற்கு அஃது இடமளிக்கும். ஆதலின், அளக்கப்படவேண்டியவர் இருக்கும் இடத்திலே சென்று அளந்த எண்களே கருவிக்குள் செல்லவேண்டும். பாவனை களத்திலிருந்து தொடங்குதல் வேண்டும். பாவனையாளரிடமே சென்று முடிதல் வேண்டும்.

இவ்விடத்திலே குடாநாட்டினர் தம்மை நோக்கியும் கேட்கவேண்டிய வினா ஒன்றுண்டு. கொழும்பை மையமாகவும் யாழ்ப்பாணத்தை விளிம்பாகவும் வைத்துப் பேசுதல் எளிது. அதில் உண்மையும் உண்டு. ஆனால், யாழ்ப்பாணமும் ஒரு மையமே. போருக்குப் பின்னர் யாழ்ப்பாண நகரிலும் திருநெல்வேலியிலும் மென்பொருள் ஆக்கும் இளைஞர் தொகை பெருகியுள்ளது. யாழ் ஐ.ரி. ஹப் போன்ற அமைப்புக்கள் இவ்வளர்ச்சிக்கு ஊக்கமளித்துள்ளன. ஒளியிழை இணைப்புள்ள அறையிலிருந்து அவர்கள் ஆக்கும் செயலிகளைக் குறிகாட்டுவானிலிருந்து படகேறிச் செல்லவேண்டிய நெடுந்தீவிலும், வன்னியின் உட்கிராமங்களிலும் திறப்பவர் உளர். அவர்களுக்கு எத்தனை செக்கன் செல்கிறது என்பதனை எவர் அளந்தார்? தாமதத்தை வரலாறாகவே அனுபவித்த ஒரு சமூகம், தன்னிலும் தொலைவில் உள்ளவரின் தாமதத்தை எளிதில் உணரும் என எதிர்பார்ப்பது இயல்பு. ஆனால், பட்ட துன்பம் தானாகவே அறிவாக மாறுவதில்லை. விரைவு வந்த அடுத்த நாளே மெதுவை மறப்பது மனித இயல்பு. சார்ந்ததன் வண்ணமாதல் எவரையும் விட்டுவைப்பதில்லை. நினைவு மங்குமிடத்திலே நினைவூட்டுவதற்குக் கருவி வேண்டியதாகிறது.

கருவிகள் கிடைக்காத காலத்திலே, ‘நான் அறியவில்லை’ என்று கூறுவதற்கு ஓரளவு நியாயம் இருந்தது. இன்று அக்கருவிகள் விலையின்றிக் கிடைக்கின்றன. ஒரு வரிக் கட்டளையிலே இயங்குகின்றன. அறியும் வழி கையிலிருந்தும் அறியாதிருத்தல் அறியாமையன்று, அது தெரிவு. தெரிவுக்குப் பொறுப்பு உண்டு. ஆகவே, பாவனைத் தாமதம் பிறர் துன்பத்தை முழுமையாக அறிவிக்கும் என்பதன்று அதன் அறப்பயன். அறியவில்லை என்னும் சாட்டினை அது இல்லாமற் செய்கிறது என்பதே அதன் அறப்பயனாகும். மென்பொருளுக்கு மட்டுமன்றி, விண்ணப்பப் படிவத்தை வரைபவருக்கும், பரீட்சை முடிவுத் திகதியைக் குறிப்பவருக்கும், விரிவுரையை இணையத்திலே நிகழ்த்துபவருக்கும் இது பொருந்தும். தம் மேசையின் வேகத்தை உலகின் வேகமாகக் கொள்ளாது, மிகத் தொலைவிலுள்ளவரின் மறுமொழிக்கு இன்னும் எத்தனை செக்கன் காத்திருக்கலாம் என்று கேட்பவரே தம் கடமையைத் தொடங்கியவராவர்.